மணலின் நிறமும் மீனின் நிறமும்

1

2017ல் ஆன்சைட் வேலைக்காக ஃப்ளோரிடாவில் நான்கு மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை டீமில் ஆறு பேர் கார் எடுத்துக்கொண்டு கீ லார்கோ போனோம். படகில் கூட்டிப்போய், முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் கொடுத்து, பவளத்திட்டின் மேல் இறக்கிவிட்டார்கள். மற்ற ஐந்து பேரும் கிளிமீன்களின் பின்னால் போய்விட்டார்கள். எனக்கு நீச்சல் சுமார்தான். திட்டு முடிந்து மணல் தொடங்குகிற ஓரத்திலேயே மிதந்துகொண்டிருந்தேன்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதே கொஞ்சம் அதிகம். வெள்ளை மணலில் ஒரு விரல் நீளத்துக்கு ஏதோ நகர்ந்தது, நின்றது. நின்றதும் காணோம். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தபிறகு இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. வாடகைக்கு எடுத்த கேமராவில் நாலு போட்டோ எடுத்தேன். மூன்றில் வெறும் மணல். நாலாவதில் மீன் இருக்கிறது, ஆனால் எங்கே என்று நான் விரல் வைத்துக் காட்டவேண்டும்.

அந்த மீனின் பெயர் என்ன என்று தேடப்போனதுதான் இந்தக் கட்டுரை. இயற்கைக் கட்டுரை என்று நினைத்து வருபவர்களிடம் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: இது விமர்சனக் கட்டுரை. ஒரு மீனை அடையாளம் காண்பதற்கும் ஒரு பிரதியை வாசிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இரண்டிலும் நாம் தவறுகிற இடமும் ஒன்றுதான்.

2

கோபி என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இந்தக் குடும்பத்தை நம்மூரில் உளுவை என்பார்கள். ஆற்றிலும் கழிமுகத்திலும் இருப்பவற்றைப் பலர் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்க ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலானவை விரல் நீளத்தைத் தாண்டாதவை. முதுகில் தனித்தனியாக இரண்டு துடுப்புகள் இருக்கும். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும். அதை வைத்துத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்காரும். என் போட்டோவில் இரண்டு முதுகுத் துடுப்பு தெரிகிறது. ஆக, உளுவை என்பது வரைக்கும் பிரச்சனை இல்லை.

அடுத்த கட்டத்துக்குக் கையேடு வேண்டும். கரீபியக் கடலில் முக்குளிக்கிறவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் புத்தகம் பால் ஹ்யூமனும் நெட் டிலோச்சும் எழுதிய ‘ரீஃப் ஃபிஷ் ஐடென்டிஃபிகேஷன்’. முதல் பதிப்பு 1989. பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்தது. கடல் உப்பில் முறுக்கிப்போன அட்டை.

ஒரு புத்தகமாக இது ரொம்பப் புத்திசாலித்தனமானது. மீன்களை விஞ்ஞானக் குடும்ப வரிசையில் அடுக்காமல், பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். தட்டையாக வட்டமாக இருப்பவை ஒரு பக்கம், அடியில் கிடக்கும் சின்ன நீளமான மீன்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு மீனுக்கும் அளவு, ஆழம், தனித்த அடையாளம், வாழிடம் என்று சின்னச் சின்னத் தலைப்புகள். எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு ‘முக்குளிப்பவரைக் கண்டால் என்ன செய்யும்’ என்பது. எந்த அருங்காட்சியக நூலிலும் இது இருக்காது. பார்க்கிறவனும் அந்தக் காட்சியில் இருக்கிறான், அவன் வந்ததால் காட்சி மாறுகிறது என்பதை ஒரு தலைப்பாகவே வைத்திருக்கிறார்கள். நம்முடைய விமர்சனக் கட்டுரைகளிலும் இப்படி ஒரு தலைப்பு இருந்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் உளுவைகளின் பக்கத்துக்கு வந்ததும் புத்தகத்தின் பலமே பலவீனம் ஆகிறது. அங்கே கோரிஃபாப்டெரஸ் என்ற பேரினத்து மீன்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாமே வெளிறியவை, எல்லாமே மணலில் உட்கார்ந்திருப்பவை. அவற்றில் ஒன்றுக்கு மார்புத் துடுப்பின் அடியில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. அதனால் அதன் ஆங்கிலப் பெயரே ‘கோலன்’ உளுவை. தினமும் கோட் எழுதுகிற எனக்கு அந்தப் பெயர் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று அனேகமாகக் கண்ணாடி மாதிரி இருக்கும். 1960ல் அதற்கு எய்டோலன் என்று பெயர் வைத்தார்கள், கிரேக்கத்தில் ஆவி. இவர்களுக்கு நடுவில் ‘கடிவாள உளுவை’: கோரிஃபாப்டெரஸ் க்ளாகோஃப்ரேனம். வாயோரத்திலிருந்து பின்னால் ஓடும் கோடு குதிரைக்குக் கட்டிய கடிவாளம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். 1863ல் தியடோர் கில் வைத்தது.

என் போட்டோவையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கோடு, அதே உட்காரும் விதம். என்னுடையது இன்னும் வெளிறியிருந்தது. வெள்ளை மணல், மதிய வெளிச்சம், அப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஃபைலுக்கு ‘கடிவாள உளுவை’ என்று பெயர் மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

கையேட்டின் குறை இதுதான். ஓர் இனத்துக்கு ஒரு போட்டோ. அந்த ஒரு மீன், அந்த ஒரு நாள், அந்த ஒரு மணல், எல்லாமே சேர்ந்து அந்தப் பெயரின் முகம் ஆகிவிடுகிறது. நம் மீன் கொஞ்சம் மாறியிருந்தால் அந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்லிவிட்டுப் பெயரை வைத்துக்கொள்கிறோம்.

3

‘வெள்ளை மணல், அப்படித்தானே இருக்கும்’ என்று நான் நினைத்தது என்னுடைய சொந்த யோசனை என்றுதான் நம்பினேன். அது இந்த மீனைப் படித்தவர்களிடம் நெடுங்காலம் இருந்த யோசனை என்று பிறகு தெரிந்தது.

கதை 1904ல் தொடங்குகிறது. ஃப்ளோரிடாவின் தெற்கு முனையில் கீஸ் தீவுகள் முடிந்து, அதற்கும் மேற்கே தனியாகக் கிடக்கும் தீவுக்கூட்டம் ட்ரை டோர்டுகாஸ். அங்கே பிடித்த ஒரு வெளிறிய உளுவைக்கு டேவிட் ஸ்டார் ஜோர்டன் டோர்டுகே என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்து அமெரிக்க மீனியலின் பெரிய தலை அவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். ஆனால் பெரிய ஆள் வைத்த பெயர் என்பதற்காக அது நிலைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள்: கடிவாள உளுவை மணலுக்குத் தக்கபடி நிறம் மாறுகிறது. கலங்கல் தண்ணீரில் கருத்திருக்கிறது, தெளிந்த தண்ணீரின் வெள்ளை மணலில் வெளிறியிருக்கிறது. அப்படியென்றால் டோர்டுகே தனி இனம் எதற்கு? வெள்ளை மணலில் வாழும் கடிவாள உளுவைதான் அது. பெயர் இணைப்பெயர் ஆனது. வகைப்பாட்டியலில் இணைப்பெயர் ஆவது என்றால், எங்கள் பாஷையில் சொல்வதானால், டிக்கெட்டை ‘டூப்ளிகேட்’ என்று மூடுவது.

1990ல் கொலம்பியாவின் இரண்டு ஆய்வாளர்கள், கார்சோன் ஃபெரைராவும் அசேரோவும், அந்த டிக்கெட்டைத் திரும்பத் திறந்தார்கள். டோர்டுகேவை மறுபடி விவரித்து, இது தனி இனம்தான் என்று எழுதினார்கள். 2008ல் பெஞ்சமின் விக்டர் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து அதையே உறுதிசெய்தார். நிறத்தை விட்டுவிட்டுப் பாருங்கள் என்பதுதான் வாதத்தின் சாரம். கடிவாள உளுவைக்கு வாலின் அடியில் மேலும் கீழுமாக இரண்டு கரும்புள்ளி இருக்கிறது. டோர்டுகேவுக்கு அந்த இடத்தில் அப்படி இல்லை, பெரும்பாலும் ஒற்றைப் பட்டைதான். உடம்பு முழுக்க வெளிறினாலும் அந்தக் கறுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மாறுவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது ஒரு சின்ன சந்தோஷம். அட, பழைய ஆட்கள் கோட்டைவிட்டிருக்கிறார்களே என்று. இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. அவர்கள் சொன்னதில் பொய்யே இல்லை. இந்த உளுவைகள் மணலுக்கேற்ப வெளிறத்தான் செய்கின்றன. கடிவாள உளுவையும் வெளிறும், டோர்டுகேவும் வெளிறும். ‘வெளிறல் மணலால் வந்தது’ என்ற விளக்கம் நூற்றுக்கு நூறு சரி. சரியாக இருந்ததால்தான் அதற்கப்புறம் யாருக்கும் வாலைப் பார்க்கத் தோன்றவில்லை.

தப்பான விளக்கம் என்றைக்காவது இடிக்கும், யாராவது கேள்வி கேட்பார்கள். சரியான விளக்கம் அப்படி இல்லை. அது திருப்தி தருகிறது. கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது.

இது எனக்குப் புதுசாகத் தெரிந்திருக்கக்கூடாது. ஏனென்றால் இதை நான் செய்திருக்கிறேன்.

ஃப்ளோரிடா போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், சென்னையில் மருத்துவக் காப்பீட்டு கிளைம்களைக் கையாளும் ஒரு ப்ராஜெக்டில் இருந்தேன். டெஸ்டிங் டீமில் ஒரு பெண். மாதக் கடைசி நாளில் டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கிளைம் சில சமயம் நகராமல் நின்றுவிடுகிறது என்று டிக்கெட் போட்டார். போய்ப் பார்த்தேன். அவர் மெஷினில் டைம்ஸோன் தப்பாக இருந்தது. ‘என்விரான்மென்ட் இஷ்யூ’ என்று எழுதி மூடினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி போட்டார். ‘டூப்ளிகேட்’ என்று மூடினேன். “ஒருதடவை கோட்லயும் பாத்துருங்களேன்” என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. அந்த வருஷ அப்ரைசலில் தேவையில்லாத டிக்கெட்டுகள் அதிகம் என்று அவருக்கு எழுதினார்கள். அந்த எண்ணிக்கையில் நான் மூடியது இரண்டு.

பிறகு சர்வரை வேறு நாட்டு டேட்டா சென்டருக்கு மாற்றினோம். மாதக் கடைசி வந்தது. கிளைம்கள் நின்றன. தேதியைக் கணக்கிடும் இடத்தில் நாங்கள் எழுதியிருந்த கோடே தப்பு. அவர் மெஷினின் தப்பான டைம்ஸோன் அந்தப் பிழையை உண்டாக்கவில்லை, வெளியே காட்டியது, அவ்வளவுதான். நான் எழுதிய விளக்கம் உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒரு முதியவரின் டயாலிசிஸ் பில் பதினோரு நாள் நின்றிருந்தது.

4

உளுவைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை. முடிந்திருந்தால் ‘பிரிப்பவனே நல்ல வாசகன், சேர்ப்பவன் சோம்பேறி’ என்று ஒரு சுலபமான நீதியோடு நானும் முடித்திருப்பேன்.

அதே 2008ஆம் வருஷக் கட்டுரையில் விக்டர் இன்னொன்றும் செய்தார். கடிவாள உளுவை என்று எல்லாரும் நினைத்திருந்த மீன்களுக்குள் மரபணுவில் தள்ளி நிற்கும் ஒரு கூட்டத்தைக் கண்டார். மார்புத் துடுப்பின் அடியில், கீழ்ப்பக்கத்தில், தெளிவான கருங்கறை உள்ளவை. அதைப் புது இனமாக விவரித்து போல் என்று பெயரிட்டார். உயிரிகளின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட துண்டை, சுமார் 650 எழுத்து, பார்கோடு மாதிரி வாசித்து இனங்களைப் பிரிக்கும் ‘பார்கோட் ஆஃப் லைஃப்’ முயற்சியின் முதலெழுத்துகள் அவை.

மறுவருஷம், 2009ல், ஸ்மித்சோனியனைச் சேர்ந்த கேரல் பால்ட்வின், லீ வெய்ட், டேவிட் ஸ்மித், ஜூலியா மவுன்ட்ஸ் நால்வரும் இந்தப் பேரினத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களும் மரபணுவைப் பார்த்தார்கள், அதே கூட்டங்கள் அவர்களுக்கும் வந்தன. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்தையும் எடுத்துக்கொண்டு, இதற்கு ஏற்கெனவே யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று பழைய விவரிப்புகளுக்குள் போனார்கள். கருங்கறை மீனுக்கு இருந்தது. 1966ல் செர்விகோன் என்பவர் வெனிசுலே என்று பெயர் வைத்திருந்த மீன்தான் அது. ஆக, போல் என்பது இணைப்பெயர் ஆனது. பார்கோடின் பேரைத் தாங்கிய பெயர் ஒரே வருஷத்தில் பழைய பெயருக்குக் கீழே போய்விட்டது.

இதில் விக்டரைக் கேலி செய்ய ஒன்றும் இல்லை. இது கடிவாள உளுவை இல்லை, வேறு மீன் என்று அவர் சொன்னது சரி. டோர்டுகே விஷயத்திலும் அவர் சரி. மீனைச் சரியாக வாசித்தார், பெயர் மட்டும் தங்கவில்லை.

2009 கட்டுரையின் தலைப்பில் ஒரு சொல் இருக்கிறது: ரெகன்சைல். மரபணுக் கூட்டங்களையும் இனங்களையும் ‘ரெகன்சைல்’ செய்வது. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். நம் கையிலிருக்கும் கணக்கையும் வங்கி அனுப்பிய கணக்கையும் பக்கத்தில் வைத்து, எந்த வரி எதோடு சேரும் என்று ஒவ்வொன்றாக டிக் போட்டு நேர்செய்வது. அதில் சாகசம் எதுவும் இல்லை. ஒரு கணக்கு மட்டும் போதும் என்று நினைக்கிறவனால் அதைச் செய்யமுடியாது, அவ்வளவுதான்.

மரபணு மட்டும் ஏன் போதவில்லை? அது இந்த மீன்கள் வேறு வேறு என்று சொல்லும். எந்த மீனுக்கு எந்தப் பெயர் என்று சொல்லாது. பெயர் ஒரு புத்தகத்தில், ஒரு வருஷத்தில், ஒரு குறிப்பிட்ட மீனைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியது. அந்த மூல மாதிரி எங்கோ ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் குடுவையில் இருக்கும். ஃபார்மலினில் போட்ட பழைய மீனிலிருந்து மரபணுவை எடுப்பது ரொம்பக் கஷ்டம். மஞ்சளும் ஆரஞ்சும் சாராயத்தில் கொஞ்ச நாளிலேயே கரைந்துவிடும். மிச்சம் நிற்பது கறுப்பு மட்டும். வாலடிப் புள்ளியும் துடுப்படிக் கறையும் அதனால்தான் முக்கியம் ஆகின்றன. உயிரோடு நீந்தும் மீனுக்கும் நூறு வருஷமாகக் குடுவையில் இருக்கும் மீனுக்கும் பொதுவாக மிஞ்சிய எழுத்து அது ஒன்றுதான்.

நான் வாசித்த நல்ல விமர்சனக் கட்டுரைகளின் பட்டியலில் இதைச் சேர்ப்பேன். கடைசியில் இனங்களைப் பிரித்துக் காண ஒரு திறவுகோல் கொடுத்திருக்கிறார்கள்: இது இருந்தால் இந்தப் பக்கம் போ, இல்லையென்றால் அந்தப் பக்கம். சுத்தமான இஃப் எல்ஸ். கையேட்டின் போட்டோ ‘இது மாதிரி இருக்கிறதா’ என்று கேட்கிறது. மாதிரி என்ற சொல்லுக்குள் நம் ஆசை எல்லாம் நுழைந்துவிடும். திறவுகோல் ‘இங்கே புள்ளி இருக்கிறதா’ என்று கேட்கிறது. இருக்கிறது, இல்லை, தெரியவில்லை, இந்த மூன்றுதான் பதில். மூன்றாவது பதிலை மரியாதையாகச் சொல்ல இடம் தருவதால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது.

5

இலக்கியத்தில் இதெல்லாம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். கரிசல், நெய்தல், கொங்கு என்று ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் மணலைப் பார்க்கப் பழகியிருக்கிறோம். ஒரு முதல் நாவலுக்கு நானே மதிப்புரை எழுதியிருக்கிறேன். நாவலில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். வறண்ட நிலம், மனிதர்கள் சொற்களையும் சேமிக்கிறார்கள் என்று எழுதினேன். நண்பர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள். போன மாதம் அதே நாவலை மறுபடி எடுத்தேன். ஆண்கள் உள்ளே வரும்போது மட்டும்தான் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். ஆண்கள் இல்லாத பக்கங்களில் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நிலம் வறண்டது என்பது பொய்யில்லை. ஆனால் அந்த மௌனம் நிலத்துடையது இல்லை. அது பெண்களுடையது, அந்த எழுத்தாளர் மெனக்கெட்டுக் கட்டியது. நான் வெளிறலுக்குக் காரணம் சொன்னேன். வாலைப் பார்க்கவில்லை.

பின்னணியே பார்க்கக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மணலைத் தெரியாதவனுக்கு எந்த அடையாளத்தை ஒதுக்கவேண்டும் என்பதும் தெரியாது. மணலால் வந்தது எது என்று முதலில் கணக்கில் எழுதிக் கழித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் இருக்காது. இருக்கும்போது அது ஒரு கடுகளவு கறுப்புப் புள்ளியாக இருக்கும்.

சரி, என் மீன் என்ன ஆனது? நாலாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாலின் அடியை மணல் மூடியிருக்கிறது. மார்புத் துடுப்பு உடம்போடு ஒட்டி மடங்கியிருக்கிறது, அதன் அடி தெரியவில்லை. மூன்று பேரில் யாராகவும் இருக்கலாம். கையேட்டை வைத்து ஒரே ராத்திரியில் முடித்த வேலையை ஏழு வருஷம் கழித்து அவிழ்த்தேன். ஃபைலின் பெயரை ‘கோரிஃபாப்டெரஸ், இனம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று மாற்றினேன்.

அந்த வாரமே இன்னொரு வேலையும் செய்தேன். அந்த டெஸ்டரின் நம்பர் ஒரு பழைய வாட்ஸப் குரூப்பில் இருந்தது. இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறார். கூப்பிட்டு அந்த இரண்டு டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். கோடில்தான் பிழை என்று அப்போதே எனக்குத் தெரிந்தும் அவரிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“ஆனா என் மெஷின்ல டைம்ஸோன் தப்பாத்தானே இருந்துச்சு” என்றார்.

“ஆமா, இருந்துச்சு. அதைப் பாத்ததோட நான் நிறுத்திட்டேன்” என்றேன்.

“அப்ரைசல் முடிஞ்சப்போ வந்து சொல்லியிருக்கலாம்ல” என்றார். சொல்லியிருக்கலாம். அதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது, சரியான விளக்கமும்கூட. அதைச் சொல்லவில்லை.